நான்கு பக்கங்களில் இல்லாதவள்

லிஃப்ட் மெக்கானிக் அவளுடைய நான்கு பக்கங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டார். பாராட்டுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். நூலக மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் எழுத்து வகுப்பு அது. சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும். மெக்கானிக் எழுதியிருந்தது, தான் பழுது பார்த்த லிஃப்டிலேயே தான் மாட்டிக்கொண்ட கதை. அதைப் படித்து அவள் வயிறு வலிக்கச் சிரித்திருந்தாள். அவள் எழுதியது அப்பா இறந்த நாளை. அவர் குளியலறையில் விழுந்தபோது, இரவு வேலை முடித்து வந்த தம்பி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சத்தமே கேட்கவில்லை என்றான். ஆறு வருஷமாக அவள் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். படிக்கறப்ப உங்க தம்பி மேல எனக்கே கோவம் வருது. ஆனா நாலு பக்கத்துலயும் அவர் மட்டும்தான் இருக்கார். அன்னிக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

வேலையில், என்றாள் வெடுக்கென்று. கம்பியும் மோட்டாரும் பார்க்கிற மனுஷனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள்.

கேள்வி அவளை விடவில்லை. திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவள், விடச் சொல்ல மறந்துபோனாள். பாவம், அவர் முகம் சிவந்து நின்றார். வீட்டில் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். கணவன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். முதல் பக்கத்தைத் திருத்தினாள், கிழித்தாள், திரும்ப எழுதினாள். எங்கே தொடங்கினாலும் அந்தக் காலை பத்து மணிக்கு வந்து பேனா நின்றது.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுதினாள். 'அன்று காலை அப்பா இரண்டு முறை போனில் அழைத்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். இரண்டு முறையும் துண்டித்தேன். பிறகு எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, அப்பாவின் போனை எடுத்து அந்த அழைப்புகளை அழித்தேன்.' அதைத் திரும்பப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் அதைப் படித்தார். எந்த இடத்திலும் கோடு போடவில்லை. வெகுநேரம் தாள்களின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"இது என்கிட்ட கொடுக்க வேண்டியது இல்லீங்க மேடம்," என்று அவளிடமே நீட்டினார்.

வகுப்பு முடியுமுன் எழுந்து போனாள். தம்பி வீட்டுத் தெருமுனைவரை போய் இரண்டு தடவை திரும்பினாள். மூன்றாவது தடவை கால்கள் தாமாகவே மாடிப்படி ஏறின. கதவைத் திறந்தவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"அக்கா?"

அவள் தாள்களைக் கொடுத்தாள். அவன் கதவில் சாய்ந்தபடி படிக்கத் தொடங்கினான். உள்ளே குக்கர் விசிலடித்தது, அவன் நிமிரவில்லை. கடைசித் தாளை முடித்தான். அவளைப் பார்க்காமல், முதல் தாளை எடுத்து மேலே வைத்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தான்.