தொடங்கினவர் பேரு

எங்க கண்ணாஸ்பத்திரியில ஒரு வழக்கம். ஆபரேஷன் தொடங்குறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்டர்ல டாக்டர் பேரை எழுதிடணும். நடுவுல யார் வந்து முடிச்சாலும் அந்தப் பேரு மாறாது. எழுதறவ நான்தான். பேரு லில்லி, பாகூர்க்காரி. பதினோரு வருஷமா தியேட்டர் நர்ஸு, இன்னும் கான்ட்ராக்ட்டு.

பிரியதர்ஷினி மேடம் ஓ.பி.யில உக்காந்திருப்பாங்க. பொம்பளை டாக்டர்னா பொறுமையா பாப்பாங்களாம். அதனால தினம் நூறு, நூத்தி இருபது பேரை அவங்க தலையில கட்டிடுவாங்க. ஆபரேஷன் லிஸ்ட்டு மொத்தமும் ராஜ்மோகன் சாருக்கு. சார் ஒரு மணிக்கெல்லாம் தவளக்குப்பத்துல இருக்கற சொந்த கிளினிக்குக்குப் போயாவணும், அதனால அவசரம். அந்த அவசரத்துல அப்பப்ப கண்ணுக்குள்ள லென்ஸைத் தாங்குற பை கிழிஞ்சிடும். உடனே மேடத்தைக் கூட்டியாரச் சொல்லி என்னை விரட்டுவாரு. அந்தம்மா பாதி இட்லியை வச்சிட்டு ஓடியாந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போவாங்க. ராத்திரியில கட்டுப் போட்ட கண்ணு கெட்டாலும் அவங்களுக்குத்தான் போன். சும்மா சொல்லக் கூடாது, அப்பேர்ப்பட்ட கை நான் பாத்ததில்ல. ஆறு வருஷத்துல அவங்க காப்பாத்தின கண்ணு அத்தனையும் ரிஜிஸ்டர்ல சார் பேருலதான் இருக்குது. எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் யூனிட் சீஃப் போஸ்ட்டு வந்துச்சு. போட்டி இவங்க ரெண்டு பேருக்குத்தான். யாரு பேருல எத்தனை ஆபரேஷன் நல்லாச்சு, எத்தனை கெட்டுச்சுன்னு ரிஜிஸ்டரைப் பாத்துதான் கமிட்டி முடிவு பண்ணுமாம். சீஃப் ஆயிட்டா லிஸ்ட்டை மேடமே போடலாம், சொந்தமா ஆபரேஷன் பண்ணலாம். நான் வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து மேடத்துகிட்ட சொன்னன். ஒரு வாரம் தூங்கக் கிடைச்சா போதும்னாங்க. எதைப் பேசினாலும் தூக்கத்துலதான் வந்து நிப்பாங்க.

போன செவ்வாக்கிழமை ஏம்பலத்துல இருந்து செல்லப்பன்னு ஒருத்தர் வந்தாரு, கரும்பு வெட்டறவர். ஒரு கண்ணை சின்ன வயசுலயே கரும்புச் சோகை கிழிச்சிடுச்சு. இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதுல புரை. சார் பேரை எழுதினன், சார் ஆரம்பிச்சாரு. பத்தாவது நிமிஷம் பை கிழிஞ்சு, உள்ள ரத்தம் கொட்டிடுச்சு. ஓடிப் போய் மேடத்தைக் கூட்டியாந்தன். அவங்க ஸ்டூல்ல உக்கார்றதுக்கு முன்னாடியே அந்தக் கண்ணு போயிடுச்சு. எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மணி நேரம் போராடித் தையல் போட்டாங்க.

சார் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு எங்கிட்ட வந்தாரு. "முடிச்சது அவங்கதானே சிஸ்டர். பேரை மாத்தி எழுதிடு."

சொல்லிட்டு கிளினிக்குக்குக் கிளம்பிட்டாரு. வெளிய காத்துக்கினு இருந்த செல்லப்பன் சம்சாரம் வேலம்மாகிட்ட மேடம்தான் போய்ச் சொன்னாங்க. அந்தம்மா புரியாம, கட்டு எப்ப பிரிப்பீங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டுது. மேடம் அது கையைப் புடிச்சிக்கினே நின்னாங்க.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். ஆறு வருஷமா தொடங்கினவர் பேரு, இன்னிக்கு மட்டும் இன்னா புதுச் சட்டம்? வேலை போனா போவட்டும்னு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கினு மேடம் ரூமுக்குப் போனன். பேரை மாத்த மாட்டன், கமிட்டி கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லுவன்னு சொன்னன்.

மேடம் ரிஜிஸ்டரை வாங்கினாங்க. ராஜ்மோகன் பேரை அடிச்சாங்க. அதுக்கு மேல தன் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க.

"இன்னா மேடம் பண்றீங்க? சீஃப் போஸ்ட்டு போயிடுமே."

"போவட்டும் லில்லி. கண்ணைக் கெடுத்தவளுன்னு பேரு வந்துட்டா, இனிமே யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க இல்ல?"

ஆசையா கேட்டாங்க. அந்த ஆசையைப் பாக்கத்தான் என்னால முடியல. கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த கண்ணு கெட்டா நானே போய்க் கூப்பிடுவன், டேபிள்ல ஒரு மனுஷன் படுத்திருப்பான் இல்ல?

"ஆமாம் மேடம், கூப்பிட மாட்டாங்க"ன்னன்.