ராஜினாமா தேதி

"சித்தப்பா, அந்த ராஜினாமாக் கடிதத்தைக் காட்டுங்க."

கூடத்தில் அப்பாவைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஆஸ்பத்திரியிலேயே மகளிடம் சொல்லியிருந்தாள். அப்பா பெயரில் அப்படி ஒரு கடிதம் இருப்பதே அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்போதே உறுத்தியது. சாவு வீட்டில் இஸ்திரி மடிப்புக் கலையாத சித்தப்பாவின் முழுக்கைச் சட்டையும் உறுத்தியது.

அப்பா பிளம்பர். மாவட்டக் குடிநீர் வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஒருவர். தொழிற்சாலைக்குத் தனிக் குழாய் கூடாது என்று அங்கே கை தூக்கியவர் அவர் மட்டும்தான். உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே இறந்தால் அந்த இடத்துக்குத் தேர்தல் நடக்கும். முன்பே விலகியிருந்தால் மற்ற எட்டுப் பேரே ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். நியமிக்கப்படுபவர் மாவட்டத்தில் முப்பது நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். விதிப்புத்தகத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான்.

அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பா வெளி மாவட்டத்திலிருந்து பெட்டியோடு வந்து முப்பத்தோரு நாள்.

"பொணத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சட்டம் பேசுறியா? எங்க அண்ணன் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்றார். ஆனாலும் நீட்டினார். இங்கே மறைத்தால் மூன்று மணிக்கு நடக்கும் வாரியக் கூட்டத்துக்கே வந்து கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.

நேற்றைய தேதி. கீழே கைநாட்டு.

முதியோர் வகுப்பில் கையெழுத்துப் போடப் பழகிய பிறகு, அப்பா கேஸ் சிலிண்டர் சீட்டில்கூடக் கைநாட்டு வைத்ததில்லை. நேற்று அவருக்கு நினைவே இல்லை.

அவள் துணியை விலக்கி அப்பாவின் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். தேய்த்துக் கழுவியிருந்தார்கள். நகக்கண்ணில் மட்டும் மையின் நீலம்.

"யாரு கையப் பிடிச்சு வெச்சது?"

சித்தப்பா வாசலைப் பார்த்தார். அம்மாதான் பேசினாள்.

"நான்தான்டி. அந்த எடத்துக்கு வந்தா வாரிய ஆபீஸ்ல உனக்கு வேலை போட்டுத் தரேன்னாரு உன் சித்தப்பா. பட்டம் வாங்கி ரெண்டு வருஷமா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. போறவரு எப்படியும் போகத்தான் போறாருன்னு..."

அவள் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். திரும்ப வாங்க சித்தப்பா நீட்டிய கை அப்படியே நின்றது.

"கூட்டத்துல என் பேரும் வருமா?" அம்மா கேட்டாள்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவளுடைய ஒன்று யாருடையதற்கோ அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தெடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.