முகாமில் கரைத்த உப்புத் தண்ணீர்

கொல்கத்தாவின் நியூ டவுனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவிப்ரியாவுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு கண்டது. பதினோராம் மாடி ஃப்ளாட்டில் அவள் மட்டும்தான். மதுரையிலிருந்து அம்மா போன் செய்தபோது, "நல்லாத்தாம்மா இருக்கேன், மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாள். மாலைக்குள் நாக்கு வறண்டது. எழுந்தால் தலை சுற்றியது. அந்த ஊரில் கூப்பிட அவளுக்கு யாரும் இல்லை. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

அங்கே தனியாக இருந்த ஷெஃபாலியை எல்லாரும் மாஷிமா என்பார்கள்; வங்காளியில் பெரியம்மா, சித்தி என்பது போல. தேவிப்ரியா அவரிடம் பேசியதே இல்லை. மாஷிமா அவளைச் சோபாவில் படுக்கவைத்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினார்.

"போதும் மாஷிமா."

"குடி," என்றார் அவர் இந்தியில். கரைசலைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "எழுபத்தொன்றில், வங்கதேசப் போரின்போது, எல்லை தாண்டி வந்து முகாமில் கிடந்தோம். எங்கு பார்த்தாலும் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்டது. அப்புறம்தான் டாக்டர்கள் உப்பும் சர்க்கரையும் கரைத்து டிரம்களில் கொண்டுவந்தார்கள். நான் குடித்துப் பிழைத்தேன். தம்பி முந்தின நாளே போய்விட்டான்."

"தம்பி பேர் என்ன?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

மாஷிமாவின் கை நின்றது.

"தபன்," என்றார். "அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இந்தப் பெயரைச் சொல்லியே வெகுகாலம் ஆயிற்று."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினார். அன்று இரவு தேவிப்ரியா தன் ஃப்ளாட்டுக்குத் திரும்பாமல் அந்தச் சோபாவிலேயே தங்கினாள்.