ஜரிகை ஏரியலில் வந்த குரல்

1

இந்தக் கதை எனக்குத் தீர்த்த வரிசையில் கிடைத்தது. 2004-ஆம் வருடம், பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் எனக்கு முன்னால் ரமாமணி மாமி நின்றிருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவர்களுடையது. வழக்கம்போல நலம் விசாரித்தேன்.

"ஆத்துல எல்லாரும் சௌக்கியமா மாமி?"

"எல்லாருன்னா ரெண்டு பேர்தானே. நான் சௌக்கியம். அவர் ரேடியோவுக்குப் பதில் சொல்லிண்டிருக்கார்."

"ரேடியோல பேசறாரா?"

"ரேடியோல பேசினா பெருமைன்னு சொல்லிக்கலாம். ரேடியோகிட்ட பேசறார். 'கேக்கறது, நீ சொல்லு'ன்னு. அது பாட்டுக்கு இரைஞ்சிண்டிருக்கு. சடாரி வரது, குனி."

குனிந்தேன். நிமிர்ந்தபோது மாமி துளசி வாங்க நகர்ந்துவிட்டார்.

மாமி சொன்னது அவ்வளவுதான். கீழே வரும் மற்றதெல்லாம் நான் சேர்த்தது. 'நீ சொல்லு' என்று ஒருவர் சொன்னால், சொல்ல வேண்டியது உள்ள இன்னொருவர் எங்கோ இருந்தாக வேண்டும் என்று தோன்றியது. அவரைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் அவரை உண்டாக்குகிறேனா, அவர் முன்பே அங்கே இருந்தாரா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "சக்ரவர்த்தி கர்வம் பிடித்த மனிதர்."

[அடித்துவிட்டேன். சக்ரவர்த்தி ரமாமணி மாமியின் கணவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வெயிலில் வரும் தபால்காரருக்கு மோர் தராமல் அனுப்பமாட்டார். வாசலில் எறும்பு வரிசை போனால் தாண்டித்தான் நடப்பார். அவரைக் கர்வி என்று ஆரம்பித்தால், வாசகர் முதல் வரியிலேயே அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் படிப்பார். அந்த நிம்மதியை நான் தரக் கூடாது.]

இரண்டாம் தொடக்கம்: "முசரவாக்கத்தில் அன்று மாலை காற்றே இல்லை. ஆனாலும் புங்கமரத்தில் கட்டியிருந்த இழை மட்டும் மெல்ல"

[பயமுறுத்தப் பார்க்கிறேன். எனக்கு வராத வேலை. நிறுத்திவிட்டேன். இழை அசைந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது.]

மூன்றாம் தொடக்கம், நடந்ததை வரிசையாகச் சொல்வது. அதுவே இருக்கட்டும்.

3

ஜெபகுமார் முசரவாக்கத்துக்காரர். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளி வீட்டு மாடியில் ஜரிகை சுற்றும் வேலை. அம்மா அன்னம்மாளோடு இருந்தார். யாரோ கழித்துப் போட்ட ஒரு ரேடியோ அவருக்குக் கிடைத்தது. அதில் சிற்றலையைத் திருப்பித் திருப்பி, எங்கோ தூர தேசத்திலிருந்து வரும் நிலையங்களைப் பிடிப்பதில் ஆசை வந்தது. 'உங்கள் ஒலிபரப்பைக் கேட்டேன்' என்று எழுதிப் போட்டால் அந்த நிலையத்தார் பட அட்டை அனுப்புவார்கள். அதற்காகவே கேட்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. தமிழிலும் அப்படி ஒரு மின்மடல் குழு இருந்தது. அதற்குச் சிற்றலை நண்பர்கள் என்று பெயர் வைக்கிறேன்.*

(*'நண்பர்கள்' என்ற சொல்லைக் கேலியாக வைக்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் உண்மையாகவே நண்பர்கள்.)

நீளமான கம்பியை ஏரியலாகக் கட்டினால் தூரத்து நிலையம் தெளிவாக வரும் என்று அந்தக் குழுவில் படித்தார். அவரிடம் கம்பி இல்லை. கையில் எப்போதும் இருந்தது ஜரிகை. வெள்ளி சுற்றிய நூல்தானே, கம்பிக்கு இது போதாதா என்று நினைத்தார். அறுந்துபோன துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, முடிந்து முறுக்கி, வீட்டுக் கூரையிலிருந்து எதிரே இருந்த புங்கமரம் வரை இழுத்துக் கட்டினார். வேறு ஊர்க்காரர் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"ஏன்டா, மரத்துக்கு எப்ப கல்யாணம்?" என்றார் அன்னம்மாள்.

"ஏரியல்மா."

"சீர்வரிசை நீதான் செய்யணும், பாத்துக்க."

விளக்கு வைக்கிற நேரத்தில் ரேடியோவைத் திருப்பினார். ஒரு சீன நிலையம் வந்தது. முள்ளைக் கொஞ்சம் தள்ளினால் அரபு மாதிரி ஒரு பாட்டு. இரண்டுக்கும் நடுவில் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, அடுத்த அறையில் நின்று பேசுவதுபோல், ஒரு வயதானவரின் குரல் வந்தது.

"கேக்கறது. நீ சொல்லு."

பிறகு இரைச்சல். ஆனால் அது முந்தைய இரைச்சல் இல்லை. ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது இருக்கும் அமைதி அதற்குள் இருந்தது.

மறுநாள் மாலையும் வந்தது. அதற்கடுத்த நாளும். ஜெபகுமார் ரேடியோவை அம்மா காதருகே வைத்தார்.

"என்னமா கேக்குது?"

"எண்ணெயில அப்பளம் போட்டாப்போல இருக்குது. உனுக்கு என்ன கேக்குது?"

"அதேதாம்மா," என்றார்.

இங்கே அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாதுரை, ஜெபகுமார் பள்ளியில் படிக்கும்போது, காற்றோடு பேச ஆரம்பித்தார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போவார். செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் அவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள். கடைசியில் வெளியூரில், மனம் பேதலித்தவர்களை வைத்திருக்கும் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே காலில் சங்கிலி போட்டிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

ஜெபகுமாருக்கு இப்போது பட அட்டை வேண்டாம். அந்தக் குரல் வெளியே இருக்கிறதா, தன் தலைக்குள் இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். இன்னொருவர் 'எனக்கும் கேட்டது' என்றால் போதும்.

4

தை மாதத்தில் காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினார். அவருடைய முதல் மடல்:

"அய்யா வணக்கம். நான் புதுசு. ஜரிகையில ஏரியல் கட்டிக்கிறேன். சாயங்காலத்துல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு பெரியவர் கொரல் வருது. 'கேக்கறது, நீ சொல்லு'ன்னு சொல்லுது. அப்புறம் நான் ஏதோ பேசணும்னு காத்துக்கினு இருக்கறாப்போல இருக்குது. எங்க அம்மாவுக்குக் கேக்கல. உங்கள்ல யார்னா ஒருத்தருக்குக் கேட்டிருந்தா சொல்லுங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் கொரல் கேட்டுச்சு. அதுக்குத்தான் கேக்கறேன்."

பதில்கள் உடனே வந்தன.

பஞ்சாட்சரம் என்பவர்: "ஜரிகை ஏரியலுக்கு முந்தானை எந்தப் பக்கம்?"

முனிரத்தினம் என்பவர்: "முகூர்த்த நாள்ல சிக்னல் இன்னும் நல்லா வரும்பா."

மூன்றாவதாகக் குழுவின் மூத்தவர் சக்ரவர்த்தி: "புதிய நண்பருக்கு. பழைய மடல்களைப் படித்துவிட்டு வரவும். பட்டு நூலில் அசரீரி கேட்கிறதென்றால் அதற்குக் கோயில் இருக்கிறது. இது சிற்றலைக் குழு."

அதற்குக் கீழே ஒரே சிரிப்பு முகங்கள்.

மடலின் கடைசி இரண்டு வரிகளை யாரும் படிக்கவில்லை. 'ஜரிகை' என்ற இடத்திலேயே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் கடைசி வரை படிப்பதில்லை. ஜெபகுமார் நேரில் வந்து நின்றிருந்தால் சக்ரவர்த்தி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, என்னப்பா விஷயம் என்று கேட்டிருப்பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திரையில் அவருக்கு ஒரு முகம் தெரியவில்லை. 'நான் புதுசு' என்பது மட்டும் தெரிந்தது. தெரியாததைக் கேட்கிறவர் எந்த வாசலில் நின்றாலும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறார் என்பதை

[பிரசங்கமாகப் போகிறது. விட்டுவிடுகிறேன்.]

ஜெபகுமார் ஊருக்குப் போய் ஜரிகையை அவிழ்த்தார். குரல் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். அதனால் அவர் ரேடியோவை நோக்கி மெதுவாக, அம்மாவுக்குத் தெரியாமல், பேச ஆரம்பித்தார்.

5

சக்ரவர்த்தியின் வீட்டில் நல்ல செப்புக் கம்பி ஏரியல். மாசி முடியும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில், இரண்டு நிலையங்களுக்கு நடுவே அவருக்கு ஒரு குரல் கேட்டது.

"அய்யா, கேக்குதா? யார்னா இருக்கீங்களா?"

இளம் வயது, தயக்கமான குரல். யாரோ வானொலி நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்தார். மறுநாளும் அதே. ஒரு வாரம் போனது. ஒரு மாலை, வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றால் சொல்வாரே, அந்தப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கேக்கறது. நீ சொல்லு."

உள்ளேயிருந்து ரமாமணி மாமி வந்தார். "ஏன்னா, யார்கிட்ட பேசறேள்?"

"யாரோ பையன். கூப்பிட்டுண்டே இருக்கான்."

"இது கேக்கற பெட்டிதானே. பேசற பெட்டி இல்லையே."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. உங்களுக்கே யாராவது பாடம் எடுக்கணும்போல இருக்கு."

தான் ரேடியோவிடம் சொன்ன வாக்கியம் அன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எங்கோ பார்த்திருக்கிறார். கணினியைத் திறந்து குழுவின் பழைய மடல்களைத் தேடினார். ஜெபகுமாரின் மடல் கிடைத்தது. இந்த முறை கடைசி வரி வரை படித்தார். அதன்மேல் இருந்த தேதியைப் படித்தார். தை மாதம். தான் அந்தச் சொற்களைச் சொன்னது பங்குனியில்.

ஜெபகுமார் தை மாதத்திலேயே கேட்டுவிட்டது, சக்ரவர்த்தி பங்குனியில் பேசப்போகிற பேச்சை.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஒளி போய்ச் சேரத் தாமதமாவதற்கு நேர்மாறாக, ஒருவருக்குச் சேர வேண்டிய அன்பான சொல் சில சமயம் முந்திக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது. பெருமாள் கணக்கை நான் பார்க்கப் போவதில்லை.

சக்ரவர்த்தியின் திரையில் பதில் எழுதும் பெட்டி திறந்திருக்கிறது. ஜெபகுமாருக்குத் தேவையான சொல் இந்த உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. எழுதினால், குழுவில் நாளைக்கு அவரே புதியவர். அவருக்கு முந்தானை எந்தப் பக்கம் என்று பஞ்சாட்சரம் கேட்பார். சிரிப்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைக் குழுவுக்குப் பழக்கியதே அவர்தான்.

6

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். நேற்று மத்தியானம், வீட்டில் யாருமில்லை, ஐந்தாம் பகுதியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "கேக்கறது. நீ சொல்லு" என்று படித்து நிறுத்தினேன். மூச்சு விடத்தான் நிறுத்தினேன். அந்த இடைவெளியில் அறை, ஜெபகுமாரின் இரைச்சல் போலவே, காத்திருப்பதாகத் தோன்றியது. எதுவும் வரவில்லை. ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு சொற்றொடர்கள் எங்கே போயின, யாருக்குக் கேட்டன என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே யாருக்காவது கேட்டிருந்தால்?

நீங்களும் அதை மனதுக்குள் பலமுறை சொல்லிவிட்டீர்கள்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) சக்ரவர்த்தி தனியாக ஒரு மடல் போடுகிறார்: "தம்பி, அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி." ஜெபகுமார் தேறிவிடுகிறார். [பொய். குழுவில் மானம் போகாமல் இருக்க ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை.]

(ஆ) எல்லோரும் பார்க்க, "எனக்கும் கேட்டது, அந்தக் குரல் என்னுடையது" என்று எழுதுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் [எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம். அவருடைய தைரியத்தை நான் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பெயர் வாங்கித் தருகிறேன்.]

(இ) அவர் கணினியை மூடிவிட்டு

[இதை முடிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.]

ஆகவே சக்ரவர்த்தியை அந்தப் பதில் பெட்டியின் முன்னால் அப்படியே உட்கார வைத்துவிட்டு, காஞ்சிபுரம் பிரவுசிங் சென்டருக்கு வருகிறேன். அங்கே நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

ஜெபகுமார் வந்திருக்கிறார். மகன் ரேடியோவிடம் பேசுவதை அன்னம்மாள் கேட்டுவிட்டார். அவரும் கூட வந்து, வெளியே படியில் நிற்கிறார். காலடியில் ஒரு பை. உள்ளே மகனின் இரண்டு சட்டை, ஒரு போர்வை, வேதாகமம். வெளியூர் விடுதிக்குப் போகும் பஸ் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

"ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துடறேம்மா."

"போன தபாவும் இதேதான் சொன்ன. அவுங்க சிரிச்சாங்க."

"ஒருத்தர்னா சிரிக்காம இருப்பாங்கமா."

சென்டர்காரர் திரையை எட்டிப் பார்க்கிறார். "லைன் ஸ்லோவா இருக்குதுபா. மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். ஒக்காரு."

பக்கம் மேலிருந்து திறக்கிறது. அவருடைய மடல் வருகிறது. பஞ்சாட்சரம், முனிரத்தினம், சக்ரவர்த்தி. சிரிப்பு முகங்கள். அதற்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு கோடு தெரிகிறது. புதிதாக ஒரு மடல். யாருடையது என்று இன்னும் வரவில்லை.

அதை நான் எழுத மாட்டேன். எனக்கு அந்தக் குரல் கேட்டதில்லை; கேட்காததைக் கேட்டேன் என்று எழுத என் நம்பிக்கை இடம் தரவில்லை. உங்களுக்குக் கேட்டிருந்தால் 'கேட்டது' என்று எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதலாம்: எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இன்னும் சொல்லுங்கள், இருக்கிறேன் என்று. அன்னம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு முசரவாக்கம் பஸ்ஸில் ஏற அதுவும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

தெருமுனையில் பஸ் திரும்புகிறது. அன்னம்மாள் வாசலில் தலையை நீட்டிக் கேட்கிறார்.

"யார்னா எழுதிக்கிறாங்களாடா?"