மரியத்தின் கிளி

கிளிக்கு நெஞ்சு மொட்டையாகிவிட்டது.

காலையில் கூண்டின் மேல் போட்ட துணியை விலக்கியதும் சகீலாவின் கண் முதலில் போவது அடித்தட்டுக்குத்தான். இறகு கிடக்கிறதா? கிடந்தது. இன்றைக்கும் பச்சைப் பச்சையாக, கிள்ளிப் போட்ட வெற்றிலை மாதிரி கிடந்தது. கிளி ஒன்றும் அறியாத சாது போலக் கம்பியில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, நெஞ்சில் மிச்சமிருந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. உரித்த கோழி போலத் தோல் தெரிந்தது. சகீலா பொறுக்கமாட்டாமல் கூண்டைத் தட்டினாள்.

"போதும்டி, நிறுத்து! உனக்கு நான் என்னடி கொறை வெச்சேன்?"

கிளி நிறுத்தியது. ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு ஒன்றைப் பிடுங்கியது.

அவளுடைய கிளியாக இருந்தால் கூடப் பரவாயில்லை. சிகாபுதீனின் முதல் மனைவி மரியம் வளர்த்த கிளி அது. மரியம் மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தபின், எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், புதுநகரம் என்ற ஊரிலிருந்து இரண்டாம் தாரமாகச் சகீலா கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். வீட்டில் மரியத்தின் சேலை இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. எல்லாவற்றையும் சிகாபுதீனின் அக்கா பல்கீஸ் வாரிக்கொண்டு போயிருந்தாள். கிளியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அது ஒன்று போதாதா? மரியம் முழுசாக அதற்குள்தான் இருந்தாள்.

சிகாபுதீனுக்கு பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. மத்தியானம் சாப்பிட வருவான். கையெல்லாம் சுக்குத் தூள்; அதோடு கண்ணைத் தொட்டால் தொலைந்தது. கதவு திறந்ததும் கிளி சொல்லும்: "வந்தாச்சா? கையக் கழுவுங்க மொதல்ல."

சாதாரணக் கிளிக்குரலா அது! கொஞ்சம் மூக்கடைத்து, செல்லமாக அதட்டுகிற ஒரு பொம்பளையின் குரல். "வந்தாச்சா"வில் ஒரு இழுப்பு வேறு. சிகாபுதீன் மறுபேச்சில்லாமல் போய்க் கை கழுவுவான். சோற்றுத் தட்டோடு நிற்கிற சகீலாவுக்கு, அடுத்தவள் வீட்டில் பரிமாற வந்தவள் போல முகம் சுண்டிப்போகும். அவள் வாயால் அதே கையைக் கழுவச் சொன்னால் "ம்" என்பான். அவ்வளவுதான்.

அதனால், ஒருநாள் கிளி அந்தப் பேச்சை நிறுத்தியபோது சகீலாவுக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்கினாள். கிளி பக்கத்து வீட்டு சைக்கிள் மணியைச் சொன்னது, "தத்தம்மே பூச்ச பூச்ச" என்று கிளிக்குப் பூனையைக் காட்டுகிற மலையாளப் பேச்சைச் சொன்னது, காக்கா மாதிரிகூடக் கத்தியது. மரியத்தை மட்டும் சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா ரொம்ப நாள் நிலைக்கவில்லை. இறகு விழ ஆரம்பித்தது. வாயடைத்துப் போகட்டும் என்று எத்தனை தடவை மனசுக்குள் கரித்துக்கொட்டியிருக்கிறாள்; அதுதான் பலித்துவிட்டதோ என்று சகீலா பயந்தாள். பல்கீஸ் வந்து கூண்டைப் பார்த்துவிட்டு, கொடுத்த சாயாவைக்கூடத் தொடவில்லை.

"மரியம் போனது அல்லாட நாட்டம். இப்ப அவ சத்தமும் போச்சு, றெக்கையும் போகுது. இந்த வீட்ல எது மாறுச்சுன்னு நான் சொல்லணுமா? இந்தக் கிளி செத்துதோ, இந்த வாசல்ல நான் கால் வெக்கமாட்டேன். பாத்துக்க."

"நான் என்ன லாத்தா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல தாயே. நான் ஏதாவது சொன்னேனா?"

சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு இப்படிக் கேட்டால் என்ன செய்வது! அன்றிலிருந்து சகீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளி செத்தால் மரியத்தை இரண்டாம் முறை சாகடித்தவள் என்ற பேர் அவள் தலையில் விழும். அந்தப் பேரோடு இந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? கூண்டை ஜன்னலில் மாட்டினாள். வெயிலோ என்று சமையலறைக்குக் கொண்டுபோனாள். புகையோ என்று மறுபடி கூடத்துக்கே கொண்டுவந்தாள். உலை கொதிக்கும்போது ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். தொழுகையில் உட்கார்ந்தால்கூடக் காது கூண்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி வைத்தியம் சொன்னாள். "கண்ணு பட்டதாக்கும் சகீலா. வேப்பிலையும் மஞ்சளும் அரச்சு, வெளிச்செண்ணெயில கொழச்சு நன்னாயிட்டு தேச்சு விடு, கேட்டோ!" சகீலா தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்தாள். கிளி அவள் விரலைக் கடித்து ரத்தம் பார்த்தது. எண்ணெயில் மிச்ச இறகும் ஒட்டிக்கொண்டு, நனைந்த எலி மாதிரி ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் கூண்டைப் பழைய துப்பட்டியில் சுற்றி, ஆடு மாடு பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் சங்கரலிங்கம் நாகர்கோவில்காரர். எண்ணெய்க் கோலத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா, பொரிக்கப் போறியா இத? மொதல்ல இளஞ்சூட்டு வெந்நீரத் தெளிச்சுத் தெளிச்சுத் தொடைச்சு எடு. தோல்ல நோய் இல்ல, பேனும் இல்ல. யாரோ இதப் போட்டு நச்சரிக்காங்க. கூண்டுக்குள்ள கெடக்க ஜீவன் யார்கிட்ட போயி சண்ட பிடிக்கும்? தன்னத்தானே பிடுங்குது. யாருன்னு பாரு. அத நிறுத்து. மருந்து அவ்வளவுதான்."

"றெக்கை வளருமா டாக்டர்?"

"விட்டா வளரும். வேரோட போன எடத்துல வளராது."

யாரு? யாராக இருக்கும்? சகீலா காவல் இருந்தாள். பூனையைத் துரத்தினாள், ஜன்னலுக்கு வந்த காக்கையைத் துரத்தினாள், ரேடியோவைச் சன்னமாக வை என்று சேச்சியிடம் கெஞ்சினாள். காலையில் கூண்டைத் தட்டுகிறோமே, நாமேதானோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்து அதையும் விட்டாள். இறகு விழுவது நிற்கவில்லை.

இரண்டு மாசமாகத் தெருக்குழாயில் தண்ணீர் வருவது மத்தியானத்துக்கு மாறியிருந்தது. புருஷனுக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அவள் குடத்தோடு வரிசைக்குப் போய்விடுவாள். அவன் வந்து, தின்று, கிளம்பிப் போனபிறகே அவள் திரும்புவது வழக்கம். அன்றைக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. கொச்சி நகரத்தையே ஒரு பாட்டம் திட்டிவிட்டுக் காலிக் குடத்தோடு கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தாள்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பைத் தட்டும் சத்தம். ஒரு இருமல். அப்புறம் நிசப்தம். மறுபடி கதவு சாத்தும் சத்தம். மறுபடி திறந்தது. செருப்பு, இருமல், நிசப்தம். இது என்ன கூத்து என்று சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தாள்.

சிகாபுதீன் வெளியே போய்ப் போய் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும், இப்போதுதான் கிடங்கிலிருந்து வருகிறவன் போல நெற்றியைத் துடைத்து, கூண்டுக்கு முன்னால் நின்று காத்திருந்தான். கையில் ஒரு கொய்யாத் துண்டு.

"சொல்லு மோளே. நான் வந்துட்டேன் பாரு. வந்தாச்சா... சொல்லு. வந்தாச்சா..."

கிளி கொய்யாவுக்கு எட்டியது. அவன் கையைப் பின்னால் இழுத்தான். "சொல்லிட்டுத் தின்னு." கிளி கம்பியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தது. தலையை ஆட்டியது. பின் குனிந்து, நெஞ்சில் ஒன்றைப் பிடுங்கிக் கீழே போட்டது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. மறுபடி வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

சோறு மூடினபடியே இருந்தது. கழுவாத கை. அந்தக் கையால் துடைத்துத் துடைத்து இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கிடங்குத் தூசி, கண்ணோவு என்று ரெண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தானே, பாவி மனுஷன்!

அவன் மறுபடி உள்ளே வந்தபோது கூண்டுக்கு முன்னால் சகீலா நின்றாள்.

"பைப்புல தண்ணி வரலியா?" என்றான், களவு செய்து பிடிபட்டவன் போல.

"நீங்கதானா? றெக்கை உதிருது, செத்துப்போகும்னு நான் நாயா அலையறேன். எல்லார் பேச்சும் கேக்கறேன். நீங்கதானா?"

"நான் என்ன செஞ்சேன்? சும்மா பேசிப் பாத்தேன்."

"கொய்யாவ அதுக்குக் குடுங்க மொதல்ல!"

அவன் கொடுத்தான். கிளி பறித்துக்கொண்டு கூண்டின் மூலைக்கு ஓடியது.

"அது மறந்துபோச்சுங்க. விட்டுருங்க."

"மறக்காது!" என்று கத்தினான். உடனே குரல் இறங்கிப் போனது. "எனக்கே மறக்குது சகீலா. மொகம் இருக்கு. சத்தம் வரமாட்டேங்குது. படுத்துக்கிட்டு, நடந்துக்கிட்டு, எப்படி எப்படியோ நெனச்சுப் பாக்கறேன், வரல. இது ஒரே ஒரு தரம் சொல்லிட்டா பிடிச்சுக்குவேன்." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா, சுக்கா என்று தெரியவில்லை.

சகீலாவுக்குத் தெரியும் அந்தச் சத்தம். மூக்கடைப்பு, அதட்டல், "வந்தாச்சா"வின் இழுப்பு எல்லாமே தெரியும். மத்தியானம் தோறும் கேட்டுக் கேட்டு எரிந்தவள் அல்லவா, எப்படி மறக்கும்? கட்டினவனுக்கு மறந்துபோனது வந்தவளுக்கு மனப்பாடமாக இருந்தது. இப்போதே அப்படியே சொல்ல அவளால் முடியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவன் முகம் தெளியும், கிளியும் பிழைக்கும். நாளைக்கு மத்தியானம்? மறுநாள்? கிளியை விட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நிற்பான்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவன் கையை இழுத்துப் பிடித்துத் தானே கழுவிவிட்டாள். கண்ணையும் கழுவினாள். அவன் சின்னப் பிள்ளை போல முகத்தைக் காட்டினான்.

"இந்த வீட்ல மரியம்ங்கற பேர நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றாள். "எங்கிட்ட சொல்லுங்க. எப்படிப் பேசுவாங்க, எதுக்குச் சிரிப்பாங்க, எல்லாம் சொல்லுங்க. கிளிகிட்ட கேக்காதீங்க."

"உனக்கு வருத்தமா இருக்கும்."

"இருக்கும். சொல்லுங்க."

அவன் ஆரம்பித்தான். கல்யாணத்துக்கு மறுவாரம் வைப்பின் தீவுக்குப் படகில் போகும்போது மரியத்தின் ஒற்றைச் செருப்பு தண்ணீரில் விழுந்ததும், அவள் கோபத்தில் மற்றதையும் கழற்றிக் கடலில் எறிந்ததும், வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்ததும். சொல்லச் சொல்ல அவன் முகம் இளகியது. சகீலா இதுவரை பார்த்திராத முகம் அது. அவளுக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. கிளி மூலையில் கொய்யாவைக் கொறித்துக்கொண்டிருந்தது.

அவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றாள் சகீலா.