ஆமைக்கு நின்ற வண்டிகள்

மடகாஸ்கரின் தெற்குச் சீமையில் சந்தைக்குத் தாமதமாக வந்தவனை ஒரு காலத்தில் யாரும் ஏனென்று கேட்டதில்லை. வழியில் ஆமை குறுக்கே வந்திருக்கும், அவ்வளவுதான். முன்னோர் விலக்கு வைத்த உயிரை யாரும் தொடமாட்டார்கள். தூக்கி ஓரமாக விடவும் மாட்டார்கள். அது சாவகாசமாகக் கடந்து முடிக்கும்வரை மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் ஊர்வம்பு பேசலாம், பக்கத்து வண்டிப் பெண்களைப் பார்க்கலாம். மோசா தன் மனைவி சுவாசாராவை முதன்முதலில் பார்த்ததே அப்படி நின்ற ஒரு வண்டியில்தான். மழைக்கு மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம், குட்டைக்குக் குட்டை ஆமைகள்.

இப்போதெல்லாம் வண்டி எங்கும் நிற்பதில்லை. வெளியூர்க்காரர்கள் ஆமைகளை அள்ளிக் கடல் கடந்து விற்கிறார்கள், அங்கே பணக்கார வீடுகளில் வளர்க்கிறார்களாம் என்று பேச்சு. ஆமையைப் போய் யார் வளர்ப்பார்கள் என்று ஊரே சிரித்தது. அவர்கள் முதலில் வந்து விசாரித்தபோது, எந்தக் கள்ளிப்புதரில் அதிகம் என்று கைகாட்டியதும் இதே ஊர்தான். ஒரு மனுஷன் கை அதைத் தூக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று காலை மோசாவின் வண்டியில் இருந்தவை கரிமூட்டைகள். அப்படித்தான் ஏற்றிவிட்ட வெளியூர்க்காரர் இருவரும் சொன்னார்கள். கடற்கரையில் காத்திருப்பதாகச் சொல்லி மோட்டார் பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த சுவாசாரா, மூட்டை அசைகிறது என்றாள். மோசா மாட்டை நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரன் வண்டியில் ஆமை இருக்குமென்று எந்தப் போலீஸ்காரனும் சந்தேகப்படமாட்டான்.

மாட்டை அவிழ்த்து, வண்டியைப் பின்பக்கம் சாய்த்து, மூட்டைகளைச் சரித்தான். வழித்துணைக்கு வண்டியில் வைத்திருந்த ஈட்டியின் முனையால், விரல் படாமல் சாக்குகளைக் கிழித்தான். ஆமைகள் ஒவ்வொன்றாகப் புதருக்குள் போயின. ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. ஈட்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தான், வழுக்கிக்கொண்டே போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் வெந்து செத்துவிடும்.

“தொடாதய்யா,” என்றாள் சுவாசாரா. “தொட்டா உன் அண்ணந்தம்பி யாரும் உன்கூட ஒரே சட்டியில கை வைக்க மாட்டாங்க.”

“தொடாம இருக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சோம். அவனுங்களுக்கு அதுவே சௌகரியமாப் போச்சு.”

குனிந்து இரண்டு கையாலும் அதைப் புரட்டிவிட்டான். ஆமைகளோடேயே வளர்ந்தவன், அதன் ஓடு வெயிலில் இப்படிச் சுடும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.