வலது கால்

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவப்படவிருந்த பன்னிரண்டு பேரில் பிரகாசியம்மாளும் ஒருத்தி. அன்பியம் என்கிற தெருக்குழுவுக்கு ஒருவர் என்று பங்குச் சாமியார் பெயர் கேட்டபோது அவள் தெருக்காரர்கள் யோசிக்காமல் இவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருடமாகத் தவக்கால வெள்ளி ஒன்றுகூடத் தவறாமல் சிலுவைப்பாதைக்கு வருகிறவள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அவள் மறுக்கவில்லை.

காரணம் அவளுடைய வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண்.

சர்க்கரை வந்து எட்டு வருடமாகிறது. வீட்டுக்குள்கூட, சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஆனால் இந்த வருடம், மகள் ஜீவிதாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பூ மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போவதும் வெறுங்காலோடுதான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு மலையேறுவதும் வெறுங்காலோடுதான். முதல் வெள்ளியிலேயே எதுவோ குத்தியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வேலிக்கருவை முள் ஒடிந்து நின்றது. பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. ஆண்டவர் தன் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டு வலியை எடுத்துவிட்டார் என்று நம்பினாள். அன்றைக்கு ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொன்னாள்.

புண் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. மஞ்சள் வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றினாள். வாடை தெரியாமலிருக்க மேலே பவுடர் போட்டாள். வலி இல்லாததை வரம் என்று இப்போது அவளால் நினைக்க முடியவில்லை. அவள் கணவர் பிலவேந்திரனுக்கும் இப்படி வலிக்காமல்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஆளே போய்விட்டார். டாக்டரிடம் காட்டினால் தனக்கும் அதே கதைதான் என்று பயந்தாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் நிலக்கோட்டையிலிருந்து ஜீவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டால் போதும் என்று இருந்தாள்.

மார்க்கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டும் பேகம்பூர் குர்ஷித் பேகம் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னக்கா, சப்பரம் கணக்கா ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு வர்ற? நோம்பு வயித்துக்குத்தானே, காலுக்குமா?"

பிரகாசியம்மாள் சிரித்து மழுப்பினாள். குர்ஷித் சிரிக்கவில்லை. கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பூவைத் தொடுத்தாள்.

புதன்கிழமை ஒத்திகையில் உபதேசியார் பன்னிரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வலது காலைத்தான் நீட்ட வேண்டும். சாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அவரைக் காக்க வைக்கக் கூடாது. இடது காலை நீட்டிவிடுவது என்று பிரகாசியம்மாள் அங்கேயே முடிவு செய்தாள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. சூசைமாணிக்கம் சாமியார் பிரசங்கத்தை நீட்டவில்லை. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது பேதுரு காலைக் கொடுக்க மறுத்ததைச் சொன்னார். அடுத்தவர் காலைக் கழுவுவதுகூட எளிது, தன் காலை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் கஷ்டம் என்றார். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரையும் ஒரு முறை பார்த்தார்.

"எல்லாரும் வீட்லயே தேச்சுக் கழுவிட்டுத்தான் வந்திருப்பீக. வருசா வருசம் கழுவுன காலத்தான் நான் கழுவுறேன். அழுக்குக் கால எங்க வச்சுட்டு வர்றீகன்னுதான் தெரியல."

கோயிலே சிரித்தது. பிரகாசியம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அவளுக்கு எட்டாவது நாற்காலி. சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிடுவதும், உபதேசியார் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவதுமாக நெருங்கி வந்தார். அவள் இடது காலை நீட்டினாள். அவர் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். எழும்போது அவர் மூட்டு சொடுக்கியது அவள் காதில் விழுந்தது. அவர் ஒன்பதாவது நாற்காலிக்கு நகர்ந்தார்.

தப்பித்தாயிற்று. ஆனால் இடது பாதத்தின் ஈரம் அவளை உட்கார விடவில்லை. அது நல்ல கால். அதற்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவு வேதனையோடு ஒரு மனிதர் தரையில் மண்டியிட்டுக் கழுவியது, கழுவத் தேவையே இல்லாத காலை. தவக்காலம் முழுக்க ஆண்டவரிடமும் இந்த நல்ல காலைத்தானே நீட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

"சாமி," என்றாள். அவர் காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

அவர் திரும்பினார்.

"இந்தக் கால் இல்ல சாமி."

சேலைக்கடியிலிருந்து வலது காலை எடுத்து நீட்டினாள். துணிக்கட்டு நனைந்திருந்தது. உபதேசியார் ஓரடி பின்வாங்கினார். சாமியார் திரும்பி வந்து மறுபடியும் மண்டியிட்டார். கட்டின் ஒரு முனையை விலக்கிப் பார்த்தார். தண்ணீர்க் குவளையைக் கையால் ஒதுக்கினார்.

"யார்ட்டயாச்சும் காட்டுனியாம்மா?"

"இல்ல சாமி."

"வலிக்குதா?"

"வலிக்கல. அதான் பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாமியார் தோளில் கிடந்த புதுத் துவாலையை எடுத்துப் பாதத்தைச் சுற்றினார். பாடகர் குழு அதே பாட்டை மூன்றாவது முறையாகப் பாடிக்கொண்டிருந்தது. அதில் பாடிக்கொண்டிருந்த ஜீவிதா இறங்கி ஓடிவந்து தாயின் தோளைப் பிடித்தாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்படி சாமியார் அவளிடம் சொன்னார்.

"பூசை முடியட்டும் சாமி," என்றாள் பிரகாசியம்மாள். "நன்மை வாங்கிட்டுப் போயிர்றேன்." நற்கருணை வாங்காமல் எழுந்து போக அவளுக்கு மனமில்லை.

"நன்மைய நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே கொண்டாரேன். நீ காலக் கொண்டு போ."

தெருக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்க, மகள் மேல் சாய்ந்து நடுப்பாதை வழியாக வெளியே வந்தாள். பெரிய வியாழன் பூசையை அவள் பாதியில் விட்டுப் போவது அதுதான் முதல் முறை. ஆட்டோவில் ஜீவிதா அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாளாம்மா இது?"

"தவக்காலம் பூரா."

ஜீவிதா ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று தாய் இழுத்தாள்.

"ஆஸ்பத்திரில வந்து பாக்கட்டும்," என்றாள் மகள்.

அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் புண்ணைப் பார்த்தார். எலும்பைத் தொட்டிருக்கிறதா என்பது படம் எடுத்தால்தான் தெரியும் என்றார். விரல் தப்புமா என்று ஜீவிதா கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது, இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்று மட்டும் சொன்னார். நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். புண்ணோடு ஒட்டியிருந்த மிச்சத் துணியை வெட்டி எடுக்கப் போவதாகவும், பார்க்கப் பயமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பிரகாசியம்மாள் முகத்தைத் திருப்பவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.